தாது வருஷம் தை மாசம் 12

குழு: நம்ம வம்சாவளி

சனிக்கிழமை

பெரியப்பா (காலை 6:40): எல்லாருக்கும் வணக்கம். வம்சாவளிப் படம் ஏறக்குறைய முடிஞ்சுது. அப்பாவோட சிவப்பு அட்டை நோட்டுல பிறப்பு இறப்பு எழுதின பக்கங்களை அனுப்புறேன். திருத்தம் இருந்தா இப்பவே சொல்லுங்க. அடுத்த வாரம் அச்சுக்குக் கொடுக்கணும்.

பெரியப்பா: 📷 5 படங்கள்

தம்பி (7:55): பெரியப்பா, மூணாவது படத்துல நடுவுல ஒரு வரி. "தாது" அப்புறம் ஏதோ குறி, "தை" அப்புறம் ஒரு குறி, பிறகு "யஉ"ன்னு இருக்கு. யஉ யாரு?

நான் (8:10): ஆள் இல்லடா, தமிழ் எண். ய மாதிரி தெரியறது ௰, பத்து. உ மாதிரி இருக்கறது ௨. சேர்த்தா 12. அந்தக் குறிகள் மூணும் சுருக்கெழுத்து. ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி. முழு வரி இது: "தாது வருஷம் தை மாதம் 12ந் தேதி ஞாயிற்றுக்கிழமை ஸ்திரீ சிசு ஜனனம்". முன்னாடி தகப்பன் பேர்.

தம்பி: அப்ப பக்கத்துக்கு மேல தனியா இருக்கற உ? ரெண்டாம் பக்கமா?

நான்: அது பிள்ளையார் சுழி. தாத்தா சுழியை வலது பக்கம் நீளமா இழுத்து விடுவார். எண்ணை அப்படி இழுக்க மாட்டார். நமக்கு ஏற்கெனவே நல்லாத் தெரிஞ்ச தேதிகளை முதல்ல தேடினேன். உங்கப்பா பிறந்த தேதி, பெரியப்பா பிறந்த தேதி. அதுல அவர் 5 எப்படிப் போடறார், 8 எப்படிப் போடறார்னு ஒரு தாள்ல வரைஞ்சு வச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் மத்த வரியெல்லாம் தானா வழிவிட்டுது. ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி, ௪ ச மாதிரி. எழுத்தா எண்ணான்னு குழப்பம் வந்தா பக்கத்துல ௳ இருக்கான்னு பாரு.

பெரியப்பா (8:32): அந்த வரியை நான் 1877னு போட்டிருக்கேன். தாது வருஷப் பஞ்சம்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, 1876ல ஆரம்பிச்சது. அந்தப் பஞ்சத்துல பிறந்த குழந்தை. தகப்பன் பேர் அப்பாவோட பேரேதான், ஆனா அப்பாவோட தாத்தாவுக்கும் அதே பேர். பேரனுக்குத் தாத்தா பேர் வைக்கிறதுதானே நம்ம வழக்கம். அதனால இது அவரோட பொண்ணு.

சித்தப்பா (8:40): ஆமாம்மா. 1936லயும் ஒரு தாது வருதேன்னு அண்ணன் சொல்லி, நான் முன்னமே பதிவு ஆபீஸ்ல போய்ப் பார்த்தேன். 1936 பிறப்புப் பதிவேட்டுல அப்பா பேர்ல ஒண்ணும் இல்லைன்னு எழுதியே கொடுத்துட்டாங்க. அதான் 1877னு முடிவு பண்ணோம்.

நான் (9:05): பெரியப்பா, சித்தப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஒரு சந்தேகம் உறுத்திக்கிட்டே இருக்கு. தமிழ் வருஷம் 60. ஒரு சுற்று முடிஞ்சா அதே பேர் திரும்ப வரும். 1876-77 தாது. அடுத்த தாது 1936-37. ஒரே பேர்ல ஆளும் ரெண்டு, வருஷமும் ரெண்டு. பேரை வச்சும் பிரிக்க முடியாது, வருஷத்தை வச்சும் பிரிக்க முடியாது.

ஆனா தாத்தா "ஞாயிற்றுக்கிழமை"ன்னு எழுதி வச்சிருக்கார். அதுதான் நமக்குக் கிடைச்ச சாவி.

தம்பி: கிழமை எப்படி அக்கா சாவி?

நான் (9:14): நம்ம மாசம் சூரியன் ராசி மாறுறதை வச்சு வர்றது. 60 வருஷத்துல மொத்தம் 21,915 நாளும் கொஞ்சமும். 7 ஆல வகுத்தா 5 நாளும் அரையும் மிச்சம். அதனால அதே தமிழ்த் தேதி 60 வருஷம் கழிச்சு வரும்போது கிழமை அஞ்சோ ஆறோ நாள் நகர்ந்திருக்கும். அதே கிழமை வராது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1877ல தை 12 ஜனவரி 23ஐ ஒட்டி, செவ்வாய். 1937ல ஜனவரி 24ஐ ஒட்டி, ஞாயிறு. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்ன பின்ன ஆகலாம். ஆனாலும் 1877 ஞாயிறைத் தொடாது.

சித்தப்பா: இப்படியெல்லாம் பார்ப்பாங்களா?

நான்: கல்வெட்டு ஆராயறவங்க இதைத்தான் பண்றாங்க சித்தப்பா. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இதுக்காகவே வருஷக்கணக்கில் பெரிய அட்டவணைகள் போட்டு வச்சிருக்கார். திதி, நட்சத்திரம், கிழமை மூணும் ஒத்துப்போற நாளைத் தேடிப் பிடிக்கறது.

பெரியப்பா (9:31): இரும்மா. அப்ப 1936 பதிவேட்டுல ஏன் இல்லை?

நான் (9:35): 1936ல தேடினா எப்படிக் கிடைக்கும் பெரியப்பா? தாது வருஷம் 1936 சித்திரையில, அதாவது ஏப்ரல்ல தொடங்குது. தை வர்றதுக்குள்ள இங்கிலீஷ் வருஷம் மாறிடும். மார்கழி நடுவுலேயே 1937 வந்துடும். தாதுன்னா 1936னு ஒரே வரியில எழுதிக்கிட்டா தை, மாசி, பங்குனிக்காரங்க எல்லாம் ஒரு வருஷம் தள்ளிப் போயிடுவாங்க. நம்ம படத்துல இன்னும் மூணு பேருக்கு இதே தப்பு இருக்கு. ராத்திரி அனுப்புறேன்.

பெரியப்பா: 1937னா அப்ப அது அப்பாவோட குழந்தை.

பெரியப்பா: அக்காவுக்கு முன்னாடி.

(அரை மணி நேரம் யாரும் எழுதவில்லை)

அத்தை மகள் (10:12): எல்லாத்தையும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மா சொல்றதை அப்படியே டைப் பண்றேன்.

"என் சர்டிபிகேட்ல ஜூன் 1னு இருக்கும். அது வாத்தியார் போட்டது. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது தோராயமா ஒரு தேதி போட்டுடுவாங்க. நான் பிறந்தது பிரமாதி வருஷம் ஐப்பசி. நான்தான் மூத்தவன்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா எங்கம்மாகிட்ட யாராவது எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டா, ஆறுன்னு சொல்ல வாயெடுத்து அஞ்சுன்னு முடிப்பாங்க. சின்ன வயசுல நான் ரெண்டு மூணு தடவை கவனிச்சிருக்கேன். கேட்டதுக்குப் போய் வேலையைப் பாருன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் நான் கேட்கவே இல்லை."

நான்: பிரமாதி ஐப்பசின்னா 1939 அக்டோபர் நவம்பர், அத்தை. நோட்டும் அதையேதான் சொல்லுது.

சித்தப்பா (10:30): திங்கட்கிழமை திரும்பப் போறேன். இந்தத் தடவை என்ன கேட்கணும், சொல்லும்மா.

நான் (10:44): குழந்தை பேரைச் சொல்லித் தேடச் சொல்லாதீங்க சித்தப்பா. அந்தக் காலத்துப் பதிவேட்டுல நிறையக் குழந்தைகளுக்குப் பேர் கட்டம் காலி. பிறந்ததை ஊர் அதிகாரிகிட்ட உடனே சொல்லி எழுதிடுவாங்க, பேர் அப்புறம்தான் வைப்பாங்க, யாரும் திரும்பப் போய்ச் சேர்க்க மாட்டாங்க. தாத்தா பேர், அவரோட அப்பா பேர், ஊர்ப் பேர் மூணையும் எழுதிக் கொடுங்க. 1937 ஜனவரி 20லேர்ந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் பார்க்கச் சொல்லுங்க, ஏன்னா பிறந்த தேதிப்படி இருக்காது, சொன்ன தேதிப்படி வரிசையா இருக்கும். இப்ப இருக்கற சட்டம் 1969ல வந்தது. அதுக்கு முந்தின புத்தகங்கள் 1899 சென்னை மாகாணச் சட்டப்படி எழுதினது, தனி அடுக்குல இருக்கலாம். அதையும் சொல்லிக் கேளுங்க. முடிஞ்சா அதே வருஷ இறப்புப் பதிவேட்டையும் பார்த்துடுங்க.

தம்பி: அக்கா, நோட்டு ஓரமெல்லாம் உதிருது. லேமினேட் பண்ணிடலாமா?

நான்: வேண்டவே வேண்டாம்டா. செல்லோ டேப்பும் ஒட்டாதே. டேப் பசை மஞ்சளாகி மையோட சேர்ந்து பிடிச்சுக்கும், பிறகு பிரிச்சா எழுத்தும் வந்துடும். பருத்தித் துணியில சுத்தி வை. படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழணும், பேனா அழுந்தின தடம் எழும்பித் தெரியும்.

புதன்கிழமை

சித்தப்பா (மதியம் 1:20): கிடைச்சுது.

சித்தப்பா: 📷 படம்

சித்தப்பா: 1937. பெண். பேர் கட்டத்துல ஒரு சின்னக் கோடு மட்டும். தகப்பன் பேர் அப்பா பேர், அவருக்குப் பக்கத்துல நம்ம தாத்தா பேர். அப்பாவோட தாத்தாவா இருந்தா அந்த இடத்துல வேற பேர் இருக்கணுமே. இனி சந்தேகமே இல்லை. தகவல் சொன்னவர்: தகப்பன்.

சித்தப்பா: இறப்புப் பதிவேட்டுலயும் இருக்கு. மார்ச் 5. வயசு 40 நாள். காரணம் ஜுரம்.

நான்: ஜுரம்னு அந்தக் காலத்துல எல்லாத்துக்கும் எழுதுவாங்க சித்தப்பா. என்ன நோவுன்னு அதை வச்சு நாம முடிவு பண்ண வேண்டாம்.

பெரியப்பா (மாலை 5:48): பரண்ல அப்பாவோட இன்னொரு நோட்டு இருந்துச்சு, தாது வருஷ வரவு செலவு. இப்பத்தான் எடுத்தேன். அப்பா ஒரு நாள் விடாம எழுதற மனுஷன். செலவே இல்லாத நாள்லயும் தேதி போட்டு "செலவு இல்லை"ன்னு எழுதியிருப்பார். மாசி 21 வரைக்கும் இருக்கு. அதுக்கப்புறம் மாசி முடியற வரைக்கும் ஒண்ணுமே இல்லை. தேதி கூடப் போடலை. பங்குனி 1ல திரும்ப ஆரம்பிக்குது.

பெரியப்பா: 📷 படம்

நான்: மார்ச் 5 மாசி 22ஐ ஒட்டி வருது பெரியப்பா.

பெரியப்பா: தெரியும்மா. நானும் காலண்டர் வச்சு எண்ணிப் பார்த்துட்டேன்.

தம்பி (6:30): பெரியப்பா, பேர் இல்லாம எப்படிப் படத்துல போடுவீங்க?

நான்: பேர் இல்லைன்னா விட்டுடக் கூடாதுடா. பேர் கட்டத்தைக் காலியா விட்டு, கீழ தேதியும் எங்கேர்ந்து தெரிஞ்சுதுங்கறதும் போடணும். நோட்டு சொன்னது, பதிவேடு சொன்னது, அத்தை சொன்னதுன்னு மூணையும் தனித்தனியாப் போடுங்க பெரியப்பா. ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டா அடுத்த தலைமுறை எதைத் திருத்தறதுன்னு தெரியாம நிக்கும்.

அத்தை மகள் (7:02): அம்மா பேசணும்னு சொல்றாங்க. இதுவும் அவங்க வார்த்தைதான்.

"தம்பி, படத்துல என் கட்டத்தைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளிப் போடு. எங்க அக்கா எனக்கு முன்னாடி இருக்கணும். பேர் தெரியலைன்னா வெறும் கோடு போடாதே. எங்கம்மா எங்க எல்லாரையும் பிறந்ததுலேர்ந்து பாப்பான்னுதான் கூப்பிட்டாங்க. அவளையும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாங்க."

பெரியப்பா (7:09): சரிக்கா. இப்பவே மாத்துறேன்.

பெரியப்பா (8:26): 📷 படம்

பெரியப்பா: முதல் கட்டம் பாருங்க. எழுத்துப் பிழை இருந்தா காலையில சொல்லுங்க.