ஏஇஎஸ்-256 வேண்டுமா, 128 போதுமா?

பூட்டுக்காரன்:
நம் பேக்கப் மென்பொருளில் தரவைப் பூட்ட ஏஇஎஸ்-256ஐ, அதாவது ஏஇஎஸ் குறியாக்க முறையின் 256 பிட் சாவி வகையை, ஏன் வைத்தோம் என்று கேட்டால், அமெரிக்க அரசே டாப் சீக்ரெட்டுக்கு அதைத்தானே கேட்கிறது என்கிறார்கள். 2003இல் வந்த அரசுக் கொள்கையில் தொடங்கியது அது: சீக்ரெட் வரை 128 போதும், டாப் சீக்ரெட்டுக்கு 192 அல்லது 256 என்றது அப்போது. பாதி விபிஎன் விளம்பரங்கள் "ராணுவத் தரம்" என்று கூவுவதற்கு வேறு அடிப்படை கிடையாது. 128 பிட் சாவியை ஒவ்வொன்றாக முயன்று உடைக்க இன்று எந்த அரசாலும் முடியாது. தரவைக் கலக்க 128க்கு 10 சுற்று, 256க்கு 14 சுற்று, ஏஇஎஸ்ஸுக்கென்று தனி வன்பொருள் இல்லாத பழைய போன்களில் இந்த வித்தியாசம் வேகத்தில் தெரியும். அடுத்த பதிப்பில் 128க்கு மாறலாம் என்கிறேன்.

தென்காசிக்காரி:
கூடாது. ஏஇஎஸ்ஸுக்கு முந்தைய குறியாக்க முறையான டெஸ் 1977இல் அமெரிக்க அரசுத் தரமானபோது, அதன் 56 பிட் சாவி போதாது என்று குறியாக்க ஆய்வாளர்கள் டிஃபியும் ஹெல்மனும் அப்போதே எழுதினார்கள், யாரும் கேட்கவில்லை. 1998இல் ஈஎஃப்எஃப் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு 2,50,000 டாலருக்குள் ஒரு இயந்திரம் கட்டி 56 மணி நேரத்தில் உடைத்துக் காட்டியது, அதற்குள் டெஸ் வங்கிகளுக்குள் வேரோடிவிட்டது. பேக்கப் என்பது வருடக்கணக்கில் கிடக்கும் பொருள், இன்று திருடி வைத்துவிட்டுப் பிறகு உடைக்கலாம். குவாண்டம் கணினிக்குப் பயந்து 2022இல் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ தந்த குறியாக்கப் பட்டியலில் ஏஇஎஸ் வகையில் 256 மட்டும்தான் இருக்கிறது, 128 இல்லை.

பூட்டுக்காரன்:
டெஸ் என் பக்கத்து ஆதாரம்! டெஸ்ஸுக்கு மூலமான ஐபிஎம்மின் லூசிஃபருக்கு 128 பிட் சாவி இருந்தது, அது தரமாகி வெளியே வந்தபோது 56 ஆகிவிட்டது. சின்னச் சாவியே போதும் என்று ஐபிஎம்மை நம்ப வைத்தது என்எஸ்ஏதான் என்று 1978இல் அமெரிக்க செனட் குழுவே சொல்லியிருக்கிறது. அந்த என்எஸ்ஏ பட்டியலையா இப்போது அளவுகோலாக வைப்பது? குவாண்டம் கணினியில் சாவியை வேகமாகத் தேடும் குரோவர் முறையைப் பல இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் பெரிய லாபம் கிடைப்பதில்லை, அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டே குவாண்டத்தைத் தாங்கும் முறைகளுக்கான தன் போட்டியில் ஏஇஎஸ்-128ஐ முதல் பாதுகாப்பு நிலையின் அளவாக வைத்தது.

இரவுப்பறவை:
இரண்டு பேருமே என்எஸ்ஏவை ஒரே நிறத்தில் வரைகிறீர்கள். டெஸ்ஸில் பிட்களை மாற்றிப்போடும் எஸ்-பாக்ஸ் அட்டவணைகள், என்எஸ்ஏவும் கைகொடுத்து, டிஃபரன்ஷியல் தாக்குதலை (உள்ளீட்டில் சிறு மாற்றம் செய்து வெளியீட்டின் வித்தியாசத்தை வைத்துச் சாவியைத் தேடுவது) தாங்கும்படி அமைக்கப்பட்டிருந்தன, அந்தத் தாக்குதல் வெளியுலகுக்குத் தெரிந்ததே 1990 வாக்கில். அதே அமைப்புதான் 2006இல் டூயல் ஈசி என்ற ரேண்டம் எண் முறையையும் நிஸ்ட் தரத்துக்குள் நுழைத்தது. அடுத்த வருடமே ஷுமோ, ஃபெர்குசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதில் பின்கதவு இருக்கலாம் என்று காட்டினார்கள், ஆனால் நிஸ்ட் அதைத் தூக்கியது என்எஸ்ஏவின் ரகசியங்களை ஸ்னோடன் வெளியிட்ட விவகாரத்துக்குப் பிறகு 2014இல்தான்.

அப்புறம், 128ஆ 256ஆ என்பது நம் பயனருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் கடவுச்சொல்லிலிருந்துதான் நாம் சாவி எடுக்கிறோம், உடைக்க வருபவன் அந்தக் கடவுச்சொல்லைத்தான் ஊகிப்பான். கடவுச்சொல்லைப் பல சுற்று அரைத்துச் சாவியாக்கும் முறைக்கு நாமோ இன்னமும் பிபிகேடிஎஃப்2 வைத்திருக்கிறோம், காரணம் நிஸ்ட்டின் 2010 ஆவணம் ஏற்பது அதை. இதே வேலைக்கான முறைகளின் 2015 போட்டியில் வென்ற ஆர்கான்2 நினைவகத்தை நிறையத் தின்பதால் ஜிபியூ (கிராஃபிக்ஸ் சிப்) வைத்து ஊகிப்பவனின் வேகம் அடிவாங்கும், ஆனால் அமெரிக்க அரசுத் தரங்களான ஃபிப்ஸ் பட்டியலில் அது இல்லை. அரசுத் தரம் நம் மென்பொருளை உண்மையில் பலவீனப்படுத்தும் இடம் இதுதான்.

தென்காசிக்காரி:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிபிகேடிஎஃப்2வைத் தூக்கினால் ஃபிப்ஸ் கட்டாயமுள்ள அமெரிக்க அரசு அலுவலகங்கள் நம் மென்பொருளைப் பயன்படுத்த முடியாது. அதன் சுற்று எண்ணிக்கையை 6,00,000க்கு உயர்த்துங்கள், அதுதான் மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் சொல்லும் அளவு.

இரவுப்பறவை:
அவர்களுக்குத் தனியாக ஒரு ஃபிப்ஸ் முறை கொடுப்போம், வேண்டியவர் தானே அதை இயக்கிக்கொள்ளட்டும். புதிதாக நிறுவுகிற சாதாரணப் பயனருக்கு ஆர்கான்2தான் கிடைக்க வேண்டும், இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பூட்டுக்காரன்:
ஆர்கான்2வுக்கு என் ஓட்டு. 256ஐ மட்டும் இன்னும் ஏற்கவில்லை, பழைய போன்களில் வேகத்தை அளந்து எண்களோடு வருகிறேன்.