இருங்காட்டுக்கோட்டையில் பிரேக் மிதிக்கக் கற்ற நாள்

பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். ஆர்டிஓ ஆபீஸில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவன்தான். ஆனால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தது போன மாதம்தான் முதல் முறை. ஒரு நாள் கார் ஓட்டும் பயிற்சிக்குப் போயிருந்தேன். இடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். 1990இல் திறந்தது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள்.

காலையில் ரேஸ் வேகமெல்லாம் கிடையாது. நேர்ப்பாதையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் வந்து, கூம்பைத் தாண்டியதும் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டும். மிதித்தேன். பெடல் காலடியில் தடதடவென்று துடித்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர், "அதுதான் சார் ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்காம பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். அப்படித்தான் துடிக்கும். வண்டி நிக்கிற வரைக்கும் காலை எடுக்காதீங்க" என்றார். இத்தனை வருடத்தில் நெடுஞ்சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்திருந்தால், அன்றும் இதேபோல் காலை எடுத்திருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்து அதையே 40இல் செய்யச் சொன்னார்கள். இரண்டு முறையும் நின்ற இடங்களை இறங்கி நடந்து பார்த்தேன். வேகம் இரண்டு மடங்கு, நிற்க ஆன தூரமோ கிட்டத்தட்ட நாலு மடங்கு. பள்ளியில் படித்த கணக்குதான், காலால் அளந்தபோதுதான் உறைத்தது.

மதியம் சுற்றுகள். டயருக்கு இருக்கும் பிடி ஓரளவுதான், அதை பிரேக்கும் ஸ்டியரிங்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடு என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் ஒரு வளைவில் வேகமாக நுழைந்து, பாதியில் பயந்து பிரேக் அடித்தேன். எடையெல்லாம் முன்னால் போக, பின்பக்கம் லேசாகி அப்படியே சுழன்றது. "கிளட்ச், பிரேக், ரெண்டையும் அமுக்குங்க!" என்று பயிற்சியாளர் கத்தினார். மண்ணில் போய் நின்றோம். டிராக் ஓரம் நின்று பாதுகாப்பைப் பார்க்கும் மார்ஷல் கொடி காட்டும் வரை அசையவில்லை. அப்புறம் அடுத்த சுற்றிலேயே அதே வளைவை ஒழுங்காக எடுக்க வைத்தார். அதற்காக அவருக்கு நன்றி.

கடைசிச் சுற்று, பிரேக் ஆறுவதற்காக மெதுவாக. பிரேக் சூடாக இருக்கும் என்பதால், நிறுத்தும்போதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடச் சொன்னார்கள்.

மனைவி தினமும் ஓஎம்ஆரில் ஓட்டுகிறாள். சுற்றெல்லாம் வேண்டாம், அந்தக் காலைப் பயிற்சிக்கு மட்டும் வருகிறேன் என்கிறாள். அடுத்த தேதி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.