பஞ்சாப் பார்டர்ல ஹவில்தார் அப்துல் ஹமீது சமாதிக்குப் போனவங்க இருந்தா சொல்லுங்க

பட்டாளத்தான், வேலூர்:
நான் ஃபெரோஸ்பூர்ல இருந்தப்ப கேம்கரன் பக்கம் அடிக்கடி டியூட்டி விழும். பிக்கிவிண்ட் தாண்டிப் போனா அசல் உத்தர்னு சின்ன ஊரு, ரெண்டு பக்கமும் வயக்காடு, அங்கதான் அவரு சமாதி. உ.பி. காஜிபூர் மாவட்டத்துக்காரர், தையக்காரர் வீட்டுப் புள்ள, 4 கிரெனடியர்ஸ் பட்டாலியன். 1965 பாகிஸ்தான் போர்ல செப்டம்பர் 10-ந்தேதி அந்த மண்ணுலயே உசுரு போச்சு, அங்கயே அடக்கமும் பண்ணிட்டாங்க.

அவர் பதவி கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார், அதாவது ரேஷன், துணிமணி, ஸ்டோர் கணக்கு பாக்குற வேலை. ஆனா ஆர்.சி.எல். கன்னு, அதாவது டேங்க அடிக்கிற பீரங்கி, அவருக்கு அத்துப்படி, அதனால சண்டைன்னு வந்ததும் திரும்ப கன்னுக்கே வந்துட்டாரு. 106 எம்.எம். கன், ஜீப்பு மேல பூட்டியிருக்கும். ஃபயர் பண்ணா பின்பக்கம் நெருப்பும் புழுதியும் குபீர்னு கிளம்பும், நீ எங்க நிக்கிறேன்னு அந்த நிமிஷமே எதிராளிக்குத் தெரிஞ்சிடும், அடிச்ச கையோட வண்டிய நகத்தலன்னா கதை முடிஞ்சுது. எதிர்ல வர்றது பாகிஸ்தானோட பேட்டன் டேங்க், 40 டன்னுக்கு மேல இரும்பு. இவரு ஜீப்புக்குத் தகடும் கெடையாது கூரையும் கெடையாது. சினிமால காட்டுற மாதிரி கத்திக்கிட்டு ஓடுறதெல்லாம் இல்லப்பா, கரும்புக்குள்ள சத்தமில்லாம உக்காந்து கிட்ட வரட்டும்னு பொறுத்திருக்கணும், எனக்கு அதுதான் பெரிய விஷயமா படுது.

அங்க ஒரு சர்தார்ஜி பெரியவர்கிட்ட பேச்சு குடுத்தேன், நம்ம ஆளுங்க காவாய உடைச்சு வயல்ல தண்ணி விட்டதையும் சேத்துல அவங்க டேங்குங்க மாட்டுனதையும் நேத்து நடந்தது போலச் சொன்னாரு. ரோட்டுல பைக்ல போறவங்க கூட அந்த இடம் வந்தா தலைய ஒரு தரம் குனிஞ்சுட்டுப் போறாங்க, அவங்க யாரோ இவரு யாரோ. செப்டம்பர் 10 அன்னிக்கு ஆர்மியில மலர்வளையம் வைப்பாங்க, சுத்துப்பட்டு ஜனமும் வந்துடும்.

கோவைக்காரன்:
அண்ணே ஒரு டவுட், அவர் மொத்தம் எத்தனை டேங்க் அடிச்சாரு? யூடியூப்ல ஒருத்தன் ஏழுங்கறான் ஒருத்தன் எட்டுங்கறான்.

பட்டாளத்தான், வேலூர்:
தம்பி, அவருக்குக் குடுத்த பரம் வீர் சக்ரா விருதோட சைட்டேஷன்ல, அதாவது விருது எதுக்குன்னு எழுதுற குறிப்புல, 10-ந்தேதி சண்டை மட்டும்தான் வருது. முன்னால வந்த டேங்க அடிச்சாரு, எடம் மாத்தி இன்னொண்ணையும் எரிய விட்டாரு, மூணாவதுக்குச் சுட்டுட்டு இருக்கும்போது ஷெல் விழுந்துடுச்சு, அவ்ளோதான். ஏழு எட்டுங்கறது அதுக்கு முந்தின நாளுங்கள்ல அடிச்சதையும் சேத்துச் சொல்ற கணக்கு. செப்டம்பர் 16-லயே விருது அறிவிச்சுட்டாங்க, அந்த அசல் உத்தர் சண்டை முடிஞ்சு ஒரு வாரம் கூட ஆகல, எல்லாத்தையும் எண்ணிக் கோத்து எழுத எங்க நேரம். இதை வச்சு சண்டை போடுறவங்களப் பாத்தா எனக்கு எரிச்சல்தான் வரும், மூடாத ஜீப்புல உக்காந்து ஒண்ணே ஒண்ணு அடிச்சிருந்தாலும் எனக்கு அவரு அதே ஆளுதான்.

கும்பகோணத்து அக்கா:
நாங்க காசிக்குப் போனப்ப காஜிபூர் போக வேண்டியிருந்துச்சு, கங்கை மேல இருக்கற பாலத்துக்கே ஹமீது சேதுன்னுதான் பேரு, டிரைவர் தம்பிதான் யாருன்னு சொன்னாப்ல. அவர் பொறந்த தாமுபூர்லயும் நினைவிடம், சிலை எல்லாம் இருக்காம், வீட்டுக்காரர் நேரமாச்சுன்னு குதிச்சதுல விட்டுப்போச்சு. அந்த மாவட்டத்துலயே கஹ்மர்னு ஒரு ஊரு, வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருப்பாங்களாம், நம்ம வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை சொல்றோமே அது மாதிரி.

கோவைக்காரன்:
அகமத்நகர் டேங்க் மியூசியத்துல பேட்டன் பக்கத்துல நின்னுருக்கேன் அக்கா, என் ஒசரத்துக்கு டிராக்கும் வீலும்தான் தெரிஞ்சுது, கழுத்த நிமித்தினாத்தான் மேல கன் இருக்கற டரட்டே. அண்ணே, அசல் உத்தர் போக எது வழி?

பட்டாளத்தான், வேலூர்:
அமிர்தசரஸ்ல இருந்து கேம்கரனுக்கு டிரெயின் இருக்கு, தரண்தாரண், பிக்கிவிண்ட் வழியா ரோடும் உண்டு. பார்டர் ஏரியா, ஆதார் கையில வச்சுக்க. மே, ஜூன்ல போயிடாத, வெயில்ல செத்துருவ.