ட்ஸ்கால்டுபோ சானடோரியங்களுக்குள் போகலாமா?

முதல்வருடக்காரன்:
ஜார்ஜியா நாட்டில், குட்டாய்சியில் எம்பிபிஎஸ் படிக்கிறேன். வரும் ஞாயிறு நாங்கள் நான்கு பேர் ட்ஸ்கால்டுபோ போகிறோம், இங்கிருந்து பத்து கிலோமீட்டர்தான். சோவியத் காலத்து சானடோரியங்கள், அதாவது சிகிச்சைக்கான ஓய்வு விடுதிகள், மாளிகை மாளிகையாகக் காலியாகக் கிடக்கின்றனவாம். உள்ளே விடுவார்களா? சாயங்காலம் இருட்டும் நேரத்தில் போனால் போட்டோ நன்றாக வரும் என்கிறான் ஒருவன், சரியா?

பழையசீனியர்:
தம்பி, இருட்டில் வேண்டவே வேண்டாம். காலையிலேயே மெதேயா என்ற சானடோரியத்துக்குப் போய்விடுங்கள். முகப்புத் தூண்களும் படிக்கட்டும் இன்னும் கம்பீரமாக நிற்கின்றன, ஊர்க்காரர்களே கல்யாண போட்டோ எடுக்க அங்கேதான் வருகிறார்கள். காவலாளி இருந்தால் ஐந்தோ பத்தோ லாரி (இந்த ஊர் நாணயம்) கேட்பார், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். (ஊருக்குப் போன் பண்ணி "பத்து லாரி கொடுத்தேன்" என்றதும் எங்கப்பா பதறியது தனிக்கதை.) சில கட்டடங்களை விற்றுவிட்டார்கள், வேலி இருந்தால் ஏறிக் குதிக்காதீர்கள். மாணவர் அனுமதியில் இருக்கிறோம், ஸ்டேஷன் வம்பு நமக்கெதற்கு.

கொத்தனார்மகன்:
நான் சிவில் இன்ஜினியர், போன வருடம் சுற்றுலாவாகப் போனேன். கான்கிரீட் படிக்கட்டை ஓரளவு நம்பலாம். மரத்தளத்தை நம்பாதீர்கள், பாதியை விறகுக்குப் பெயர்த்துவிட்டார்கள், மீதி மழையில் ஊறி உளுத்துக் கிடக்கிறது. இரும்பெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டதால் பால்கனிக்குக் கைப்பிடி இல்லை, லிஃப்ட் குழிக்குக் கதவும் இல்லை. குழிக்கு அரை அடி தள்ளி நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

மழைக்காகம்:
"காலியாக" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. மாஸ்கோவிலிருந்து நேர் ரயிலில் ஆட்கள் வந்து தங்கிய இடம், சோவியத் உடைந்ததும் வெறிச்சோடியது உண்மைதான். ஆனால் 1992-93இல், ஜார்ஜியாவிலிருந்து பிரியப் போராடிய அப்காசியா பகுதியில் நடந்த போரில் துரத்தப்பட்ட ஆயிரக்கணக்கான ஜார்ஜியர்களை அரசு இந்த அறைகளில்தான் குடிவைத்தது. கொஞ்ச நாளைக்கு என்று வந்தவர்கள், அங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். 2018இல் பாழடைந்த தாழ்வாரம் என்று நினைத்து ஒரு கதவைத் தள்ளினேன், உள்ளே ஒரு பாட்டி அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தார். கையில் கேமராவோடு நின்ற எனக்குக் கூசிவிட்டது. அவரோ திட்டாமல் நாற்காலியைக் காட்டினார். பலருக்கு அப்புறம் வேறு வீடு கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் கொடியில் துணி காய்ந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். எதிரே ஆள் வந்தால் முதலில் "கமர்ஜோபா" (ஜார்ஜிய மொழியில் வணக்கம்) சொல்லிவிடுங்கள்.

பழையசீனியர்:
இது எனக்கும் தோன்றாமல் போனது. பூங்காவில் ஆறாம் எண் குளியல் மாளிகையையும் விடாதீர்கள், ஸ்டாலினுக்கென்றே தனிக் குளியலறை உண்டு, முகப்புச் சிற்பத்திலும் அவர்தான். தண்ணீர் ஊற்றிலிருந்தே 33, 35 டிகிரியில் வருகிறது, காய்ச்சுவதே இல்லை. லேசாக ரேடான் என்ற கதிரியக்க வாயு கலந்த நீர், மூட்டுவலிக்காரர்கள் இன்றும் வருகிறார்கள்.

முதல்வருடக்காரன்:
சரி, காலையிலேயே கிளம்புகிறோம். இருட்டு போட்டோக்காரனிடம் லிஃப்ட் குழியைப் படித்துக் காட்டினேன், அடங்கிவிட்டான். குளிக்கத் துண்டு கொண்டுபோகணுமா அண்ணா?

பழையசீனியர்:
துண்டு, ரப்பர் செருப்பு ரெண்டும். கட்டடத்துக்குள் மட்டும் ஷூ, தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு.