பயத்தின் நடுவே ஜெபித்த நேரம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கடலோரத்தாள்

ஒக்கிப் புயலைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டாம். 2017 நவம்பர் 30. எங்க வீட்டுக்காரர் தங்குகடலுக்குப் போயிருந்தார். தூத்தூர், வள்ளவிளை பக்கம் இது வழக்கம்தான். சுறாவுக்கும் சூரைக்கும் போனா வாரக்கணக்கில் ஆள் வராது, போனும் எட்டாது. காற்று அடிச்ச பிறகு எந்தப் படகு எங்கே இருக்குன்னு யாருக்கும் தெரியாது. எல்லா வீட்டுப் பெண்களும் கோயில்லதான் கிடந்தோம். கரை சேர்ந்த படகு பேரு வர வர மைக்கில் வாசிப்பாங்க. லட்சத்தீவுல சிலது, மகாராஷ்டிரத்து தேவ்கட் துறைமுகத்துல சிலதுன்னு துண்டு துண்டா சேதி வரும். ஒவ்வொரு தடவை மைக்கைத் தட்டுற சத்தம் கேட்கும்போதும் வயிறு சுருங்கும்.

நான் சொல்ல வந்தது இதுதான். என் பக்கத்தில் எங்க தெருக்காரி ஒருத்தி இருந்தா. அவ ஆளும் கடல்ல. நானும் அவளும் சேர்ந்துதான் செபமாலை சொல்லிக்கிட்டு இருந்தோம். ராத்திரி என் போன் அடிச்சது, தெரியாத நம்பர். எடுத்தா, "நான்தான். உயிரோட இருக்கேன்." அதுக்கு மேல லைன் நிக்கல. நான் வாயைப் பொத்திக்கிட்டேன். அவ என் முகத்தைப் பார்த்தா. "வந்தாச்சா?" ன்னா. தலையை ஆட்டினேன். அவ என் கையைப் பிடிச்சு, "மாதாவுக்கு நன்றி சொல்லு" ன்னு சொல்லிட்டு, விட்ட மணியில இருந்து தொடர்ந்தா. குரல் நடுங்கல. விரல் மட்டும் நடுங்கிச்சு. மணி மணியா நகர்த்திக்கிட்டே இருந்தா.

அவ ஆளு வரவே இல்லை.

எனக்குப் பயம் வரும்போதெல்லாம் அந்த விரல்தான் கண்ணு முன்னால வருது. அதைப் பார்த்த பிறகுதான் நான் சரியா செபிக்கவே ஆரம்பிச்சேன். ஆனா அவகிட்ட இதைப் பற்றி இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேச முடியல. என் ஆளு வீட்டுல இருக்கும்போது எந்த வாயால பேச?

மதுரை மருமகள்

அக்கா, படிச்சிட்டு ரொம்ப நேரம் எழுத முடியலை. என்னுது இதுக்கு முன்னாடி சின்ன விஷயம். ஆனாலும் சொல்றேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தவங்களுக்குத் தெரியும். முகத்துக்கு மேலே கூண்டை மாட்டி, கையில் அமுக்குறதுக்கு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, உள்ளே தள்ளிடுவாங்க. எனக்கு லிஃப்டே ஆகாது. உள்ளே போன உடனே பந்தை அமுக்கிட்டேன். வெளியே இழுத்தாங்க. அசையாம இருந்தாத்தான் படம் விழும், பயமா இருந்தா சொந்தக்காரங்க ஒருத்தர் உள்ளே நிக்கலாம், உலோகம் எதுவும் மேலே இருக்கக் கூடாதுன்னு டெக்னீஷியன் பொண்ணு சொல்லுச்சு.

துணைக்கு வந்திருந்தது என் நாத்தனார். ஒரு சொத்து விஷயத்துல எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாது. வேற யாருக்கும் லீவு கிடைக்காததால வந்தாங்க. தாலிச்செயினைக் கழட்டி, தோட்டைக் கழட்டி, கொண்டை ஊசியை ஒவ்வொண்ணா உருவி ஒரு கர்ச்சீப்புல முடிஞ்சு அந்தப் பொண்ணுகிட்ட கொடுத்தாங்க. தாலியைக் கழட்ட எவ்வளவு யோசிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். உள்ளே வந்து என் கால் பெருவிரலைப் பிடிச்சுக்கிட்டாங்க.

சங்கீதம் 23 சின்ன வயசுல இருந்து மனப்பாடம். அந்த மிஷின் சத்தத்துல ஒரு வரி ஞாபகம் வரலை. "கர்த்தாவே, எனக்கு இங்கிருந்து ஓடணும்போல இருக்கு" ன்னு அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் பண்ணின ஜெபத்திலேயே உண்மையானது அதுதான்னு இப்பவும் நினைக்கிறேன். முடியிற வரைக்கும் பிடி தளரலை. அவங்க வெளியே வந்து தாலியைப் போட்டுக்கிட்டு, "சாப்பிட்டியா?" ன்னாங்க. அவ்வளவுதான் பேசினோம்.

நெல்லைச் சகோதரன்

சகோதரிகள் இருவருக்கும் ஸ்தோத்திரம். எனக்கும் ஒரு ராத்திரி நெஞ்சு அடைத்து, வியர்த்து, இதுதான் கடைசி என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை, பதற்றம் என்றார்கள். போகிற வழியெல்லாம் ஜெபித்தேன், அமைதி வந்தது.

ஆனால் மதுரை சகோதரி எழுதியதை அப்படியே விட முடியவில்லை. "ஓட வேண்டும்போல் இருக்கிறது" என்பது ஜெபம் அல்ல, புலம்பல். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்" என்று 2 தீமோத்தேயு 1:7 சொல்கிறது. கொடுக்காத ஒன்றை நாம் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? வேதத்தில் "பயப்படாதே" என்று 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று. ஆகவே இதைச் செய்து பாருங்கள். காலையில் போனைத் தொடுவதற்கு முன் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், மனதுக்குள் அல்ல, உங்கள் காதில் விழ வேண்டும். ராத்திரி படுக்கப் போகுமுன் செய்திச் சேனலைப் பார்க்காதீர்கள். எதற்குப் பயப்படுகிறீர்களோ அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, பக்கத்தில் ஒரு வசனம் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டுங்கள், முக்கால்வாசி நடந்தே இருக்காது. வெள்ளிக்கிழமை ஒருவேளை உபவாசம் இருங்கள். சர்க்கரை இருந்தால் டாக்டரைக் கேட்டு இருங்கள். குடும்ப ஜெபத்தைச் சாப்பாட்டுக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வைத்தால் பிள்ளைகள் தூங்கிவிடும். முக்கியமாக, "பயமாயிருக்கிறது" என்று வாயால் சொல்லாதீர்கள். சொல்லச் சொல்ல அது வேர் விடும்.

வார்டு சிஸ்டர்

ஐயா, நோட்டில் எழுதச் சொன்னது நல்ல யோசனை, நானும் செய்கிறேன். மற்ற இரண்டை ஒப்புக்கொள்ள முடியாது. அந்த 365 கணக்கு எல்லாரும் மேடையில் சொல்வது. பைபிள் ஆப்பில் தேடிப் பாருங்கள், அத்தனை வராது. நாளுக்கு ஒன்று என்று வராவிட்டால் என்ன, ஒரு தடவை சொன்னாலும் அவர் சொன்னதுதானே. பயத்தை வாயால் சொல்லக் கூடாது என்றால், இயேசு பிடிபடுமுன் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தை எங்கே வைப்பீர்கள்? ஆண்டவர் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்" தொடங்கினார் என்று மாற்கு 14:33 சொல்கிறது. தன் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருக்கிறது என்று சீடர்களிடம் வாய்விட்டே சொன்னார். இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார். அதே வார்த்தைகளைச் சொல்லி மூன்றாம் தரமும் ஜெபித்தார். மதுரை அக்கா செய்தது அதைத்தான்.

என் அனுபவம் 2021 மே, கொரோனா இரண்டாம் அலை. ஆம்புலன்ஸ்கள் வாசலில் வரிசையாக நின்ற நாட்கள். பி.பி.ஈ. மாட்டும் அறையில் கையுறைக்கு மேல் டேப் ஒட்டும்போது தினமும் ஜெபிப்பேன். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தது. பயம் ஒரு நாளும் போனதில்லை. பயத்தோடுதான் கதவைத் திறந்து உள்ளே போவேன்.

ஒரு ராத்திரி, குப்புறப் படுக்க வைத்திருந்த ஒரு பெரியவருக்கு மாஸ்க்கைச் சரி செய்தேன். விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். என் கண் மட்டும்தான் வெளியே தெரியும். "பயமா இருக்காம்மா?" என்று கேட்டார். அவர் என்னைக் கேட்கிறார்! ஆமாம் என்று சொல்லிவிட்டேன். "எனக்கும்தான். அப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கேளு" என்றார். அவர் எந்த மதம் என்றுகூடத் தெரியாது. நான் முட்டி போட்டு, அவர் காது பக்கம் குனிந்து ஜெபித்தேன். முகக்கவசத்துக்குள் என் குரல் அவருக்குக் கேட்டதோ என்னவோ, ஆமென் சொல்லும் வரை என் கையுறையைப் பிடித்திருந்தார்.

மறுநாள் அந்தப் படுக்கையில் வேறு ஆள். வேறு வார்டுக்கு மாற்றினார்களா, இல்லையா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து, ஜெபித்தால் பயம் போய்விடும் என்று எந்த நோயாளியிடமும் சொல்வதில்லை. கூட இருந்து கேட்போம் என்றுதான் சொல்கிறேன்.

குளச்சல் பொண்ணு

கடலோரத்து அக்காவுக்கு மட்டும் எழுதுறேன். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்பா கரையில வலை பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் அப்போ சின்னப் பிள்ளை. எங்க அம்மா, நீங்க சொன்ன அந்த அக்கா இடத்துல இருந்தவங்க.

அம்மாவுக்கு ஆள் போனதுக்கு அடுத்தபடி வலிச்சது எது தெரியுமா? ஆள் தப்பிச்ச வீட்டுப் பெண்கள் எங்க வாசல்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனது. "என் மேல இரக்கப்பட்டு என்கிட்ட பேசாமலே போறாளுவ" ன்னு சொல்லுவாங்க. ஒரே ஒரு சித்தி மட்டும் தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து மாலை சொல்லிட்டுப் போவா. ஆறுதல் சொல்ல மாட்டா, கேள்வியும் கேட்க மாட்டா. அம்மா அதுவரைக்கும் கடல் பக்கத்து ஜன்னலைத் திறக்கவே மாட்டாங்க. ஒரு நாள் சித்தி வந்தபோது புழுக்கமா இருக்குன்னு அம்மாவே போய்த் திறந்தாங்க. நான் பார்த்தேன்.

எந்த வாயாலன்னு யோசிக்காதீங்க அக்கா. செபமாலை சொல்ற வாயாலதான்.

செந்தூர் பக்தை

இங்கே எல்லாரும் கிறிஸ்தவங்களா இருக்கீங்க. முருகனைக் கும்பிடுறவ எழுதலாம்னு நினைக்கிறேன். 2023 டிசம்பர் 17 ராத்திரி, திருச்செந்தூர்ல தரிசனம் முடிச்சுட்டு செந்தூர் எக்ஸ்பிரஸ்ல ஏறினோம். அப்புறம் நடந்தது பேப்பர்ல வந்ததுதான். ஸ்ரீவைகுண்டத்துல வண்டி நின்னது நின்னதுதான். தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியெல்லாம் வெள்ளம் அரிச்சுட்டுப் போயிடுச்சு. அந்த மழையில காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்.

கரண்ட் இல்லை. செல்லுல சார்ஜ் இல்லை. வெளியே இருட்டுல தண்ணி ஓடுற சத்தம் மட்டும். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்துச்சு. "உன் வாசல்ல இருந்துதானே வர்றேன் முருகா, இப்படியா அனுப்புவே?" ன்னு சண்டை போட்டேன். வேண்டுதல் எதுவும் வாயில வரலை. எதிர் பெர்த்துல ஒரு பாட்டி. பன்னீர் இலை விபூதியைப் பிரிச்சு நெத்தியில பூசிக்கிட்டு, மெதுவா கவசம் சொன்னாங்க. முடிஞ்சதும் இலையை மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, காலை நீட்டித் தூங்கிட்டாங்க. அந்த ராத்திரியில தூங்கின ஒரே ஆள் அவங்கதான். நான் விடிய விடிய அவங்க மூச்சு விடுறதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

காலையில கேட்டேன், எப்படிப் பாட்டி தூக்கம் வந்துச்சுன்னு. "நான் முழிச்சிருந்தா தண்ணி வத்திருமா? சொல்ல வேண்டியவன்ட்ட சொல்லியாச்சு, அவன் முழிச்சிருக்கட்டும்" னாங்க.

பக்கத்து ஊர்க்காரங்க அவங்க வீட்டுக்குள்ள தண்ணி நின்னப்பவும் சமைச்சுக் கொண்டுவந்து கொடுத்தாங்க. 19-ஆம் தேதிதான் வெளியே வந்து, மணியாச்சியில இருந்து வேற வண்டி. நான் இன்னும் அந்தப் பாட்டி அளவுக்கு வரலை. மழை பலமா பிடிச்சா எழுந்து உட்கார்ந்திடுவேன். ஆனா இப்போ முருகன்கிட்ட சண்டையாவது போடறேன். முன்னாடியெல்லாம் பயம் வந்தா அவனையே மறந்துடுவேன்.

மதுரை மருமகள்

நெல்லை ஐயாவுக்கு ஒண்ணு. புலம்பல்னு சொன்னீங்க, கோபமில்லை. ஆனா சங்கீதம் 56:3-ஐ எடுத்துப் பாருங்க. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயப்படுகிற நாள்னு ஒண்ணு தாவீதுக்கே இருந்திருக்கு. அவர் அதை மறைக்கலையே.

நெல்லைச் சகோதரன்

எல்லாவற்றையும் வாசித்தேன் அம்மா. தாவீதின் அந்த வசனம் எனக்கும் மனப்பாடம். நான் சொன்ன 2 தீமோத்தேயுவையும் விட மாட்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த இரண்டு வருஷமாக நாளை ஓட்டுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

என் மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததிலிருந்து பல கம்பெனிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றி அனுப்புகின்றன. அவன் கப்பல் சில சமயம் அந்தச் செங்கடல் வழியாகவே போகிறது. உள்ளே நுழைவதற்கு முன் "அப்பா, ரெண்டு நாள் பேச மாட்டேன்" என்று ஒரு மெசேஜ் வரும். அவன் அம்மாவிடம் நான் சொல்வதில்லை. அவளைத் தூங்க வைத்துவிட்டு வராந்தாவில் நடப்பேன். அந்த வசனத்தைச் சத்தமாகத்தான் சொல்வேன், என் காதில் விழ வேண்டும் என்பதற்காக. ஒரு ராத்திரி குரல் உடைந்துபோய், "ஆண்டவரே, பிள்ளை" என்று மட்டும்தான் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் மாடியிலிருந்து "தாத்தா, யாரைக் கூப்பிடுறீங்க?" என்றான். அவன் இறங்கி வந்து, என்னோடு கொஞ்ச நேரம் நடந்தான்.

நேற்று மறுபடி அந்த மெசேஜ் வந்திருக்கிறது. செந்தூர் அம்மா, உங்களையும் சேர்த்தே கேட்கிறேன். இன்றைக்கும் நாளைக்கும் அவனை நினைத்துக்கொள்ளுங்கள்.