உதவி: மேக்னசைட் கணக்கில் விடை 0.575 வருகிறது, பிளஸ் மைனஸ் எங்கே தப்பு?

மாமாங்கத்து மாணவி, இரவு 9.40
நாளைக்குக் காலையில் இன்டர்னல். மேக்னசைட் (மெக்னீசியம் கார்பனேட் கல்) எந்த வெப்பநிலையில் தன்னிச்சையாக மெக்னீசியம் ஆக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் சிதையும் என்று ஒரு கணக்கு. டெல்டா ஜி (வினை தானாக நடக்குமா என்று சொல்லும் ஆற்றல் மாற்றம், மைனஸ் என்றால் நடக்கும்) பூஜ்யம் என்று வைத்து, டெல்டா ஹெச்சை (என்தால்பி, அதாவது வெப்ப மாற்றம்) டெல்டா எஸ்ஸால் (என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மை மாற்றம்) வகுத்தேன். 0.575 வருகிறது. திரும்பத் திரும்பப் போட்டாலும் அதேதான். பிளஸ் மைனஸ் எங்கோ இடிக்கிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கருப்பூர் கார்பன், 9.46
0.575 என்ன? கெல்வினா, டிகிரியா? கொடுத்த எண்களைப் போடாமல் கேட்டால் எப்படிச் சொல்வது?

அஸ்தம்பட்டி ஆர்கானிக், 9.49
செல்சியஸில் போட்டிருப்பீர்கள். 273 கூட்டுங்கள், சரியாகிவிடும். என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் பிரச்சனை.

கருப்பூர் கார்பன், 9.51
வெப்பநிலையைத்தானே கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்? எதோடு 273 கூட்டுவது?

பழைய பிப்பெட், 9.55
அடிப்படை தெரியாமல் பரீட்சைக்கு முந்தின ராத்திரி வந்து நிற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற சங்கதி. 0.575 கெல்வினுக்கு மேல் சிதையும் என்றால் இந்நேரம் சேலம் பக்கம் மேக்னசைட் கிடைக்கிற செட்டிச்சாவடியில் ஒரு கல் மிஞ்சியிருக்குமா? விடை வந்ததும் அதைக் கொஞ்சம் முறைத்துப் பார்க்கக்கூடாதா?

லேப் அட்டெண்டர் மகன், 9.58
டெல்டா ஹெச் வெப்பநிலையோடு மாறும். கிர்ச்சாஃப் சமன்பாடு போட்டால்தான் சரியாக வரும்.

கருப்பூர் கார்பன், 10.01
கிர்ச்சாஃப் போட்டால் விடை கொஞ்சம் நகரும். ஆயிரம் மடங்கா நகரும்? அந்தப் பொண்ணு எண்களைப் போடட்டும்.

மாமாங்கத்து மாணவி, 10.07
உருவாதல் என்தால்பி: மெக்னீசியம் கார்பனேட் -1095.8, மெக்னீசியம் ஆக்சைடு -601.6, கார்பன் டை ஆக்சைடு -393.5. என்ட்ரோபி அதே வரிசையில் 65.7, 27.0, 213.8. டெல்டா ஹெச் 100.7, டெல்டா எஸ் 175.1. குறி சரிதானே அண்ணா?

கருப்பூர் கார்பன், 10.13
குறியெல்லாம் சரி. அலகைத்தான் காணோம். அட்டவணையில் என்தால்பி கிலோஜூலில் இருக்கும், என்ட்ரோபி ஜூலில் இருக்கும். 100.7-ஐ 1,00,700 ஜூல் ஆக்கிவிட்டு வகுத்தால் 575 கெல்வின், அதாவது 302 டிகிரி செல்சியஸ்.

குறியைப் பற்றிக் கேட்டதால் இன்னொன்று. வெப்பம் கொள்ளும் வினை, அதனால் டெல்டா ஹெச் பிளஸ். திண்மத்திலிருந்து வாயு வெளிவருகிறது, அதனால் டெல்டா எஸ்ஸும் பிளஸ். இரண்டும் பிளஸ் என்றால் சூடு ஏறினால்தான் வினை நடக்கும். 298 கெல்வினில் போட்டுப் பாருங்கள்: 100.7-லிருந்து 52.2 போனால் பிளஸ் 48.5 கிலோஜூல். நம் ஊர் வெயிலுக்கெல்லாம் கல் அசையாது.

சூளைக்காரர், 10.20
ஏம்மா கண்ணு, 302 டிகிரி என்று எழுதிவிடாதே. நான் மேக்னசைட் சூளையில் நின்றவன். 302-இல் கல் சும்மா சூடாகும், அவ்வளவுதான். 700, 800 என்று போனால்தான் ஒழுங்காக வேகும். உலைச் செங்கலுக்குப் போகிற டெட் பர்ன்ட் (நன்றாகச் சுட்டு இறுக்கிய) சரக்கு என்றால் 1500-ஐத் தாண்ட வேண்டும். நூறு கிலோ நல்ல கல் போட்டால் 48 கிலோதான் திரும்பி வரும், மீதி புகையோடு போய்விடும். மேலே வெந்த மாதிரி இருக்கும், உடைத்தால் நடுவில் பச்சைக் கல் அப்படியே கிடக்கும். இதெல்லாம் உங்கள் கணக்கில் வருமா?

லேப் அட்டெண்டர் மகன், 10.24
அதைத்தான் நானும் சொன்னேன், கணக்கு தப்பு. சூளைக்குள் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் இருக்கிறது, அதனால்தான் 700.

கருப்பூர் கார்பன், 10.31
302 என்பதே கார்பன் டை ஆக்சைடு 1 பார் இருக்கும்போது வருகிற விடை. சாதாரணச் சூளையில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வெளிக்காற்றின் 0.0004 பார் போட்டால் 146 டிகிரிக்கு இறங்கிவிடும். அழுத்தத்தை வைத்து 700-க்குப் போக முடியாது.

பழைய பிப்பெட், 10.36
ஆக, சூளைக்காரர் அனுபவம் சரி, கணக்கு தவறு. முடிந்தது.

ஏற்காட்டு மிளகு, 10.44
இரண்டும் சரிதாங்க. டெல்டா ஜி எந்தப் பக்கம் போகும் என்று சொல்லும், எவ்வளவு நேரத்தில் போகும் என்று சொல்லாது. மேக்னசைட் மேல் குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விடுங்கள், கண்டுகொள்ளாமல் கிடக்கும். அதே அமிலத்தைச் சுட வைத்து விட்டால் நுரைக்கும். குளிர்ந்திருக்கும்போதும் டெல்டா ஜி மைனஸ்தான், வேகம்தான் இல்லை. சூளையிலும் அதே கதை: கார்பனேட் உடைய ஆற்றல் தடை தாண்ட வேண்டும், கட்டியின் நடு வரைக்கும் சூடு போய்ச் சேர வேண்டும். சுண்ணாம்புக்கல்லுக்கு இதே கணக்குப் போட்டால் 840 டிகிரி பக்கம் வரும், அதன் சூளையும் 900-ஐ ஒட்டித்தான் ஓடுகிறது. அங்கே கணக்கும் சூளையும் பக்கத்தில் பக்கத்தில், இங்கே ஏகப்பட்ட தூரம். பரீட்சையில் கேட்டது முதல் விஷயம்தான். 575 என்று எழுதலாம்.

பழைய பிப்பெட், 10.49
வினைவேகவியல் வேறு பாடம். இந்த இழைக்குச் சம்பந்தம் இல்லை.

ஏற்காட்டு மிளகு, 10.51
கால் மணி நேரம் முன்னால் கணக்கு தவறு என்றீர்களே, அது எந்தப் பாடம்?

மாமாங்கத்து மாணவி, 10.58
575 வந்துவிட்டது அண்ணா, நன்றி. கெல்வினில் விட்டால் மார்க் தருவார்களா?

கருப்பூர் கார்பன், 10.59
கேள்வியில் எதில் கேட்டிருக்கிறார்கள்?

அஸ்தம்பட்டி ஆர்கானிக், 11.20
செல்சியஸில் கேட்டிருந்தால் 273 கழிக்க வேண்டும். கடைசியில் 273-தானே?

சூளைக்காரர், 11.34
அந்த 146 டிகிரிக்காரர் ஒரு நாள் நேரில் வரட்டும். கல்லை நானே தருகிறேன், வேகவைத்துக் காட்டட்டும்.