386-இல் டிஸ்கெட் பூட் ஆகமாட்டேன் என்கிறது: இமேஜ் கோப்பை எப்படி ஏற்றுவது?

செந்தூல்வாசி:

வணக்கம். அப்பா போன வருடம் தவறிவிட்டார். செந்தூல் வீட்டு ஸ்டோர் அறையைக் காலி செய்யும்போது அவருடைய பழைய 386 கணினி கிடைத்தது, கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய டிஸ்கெட்டுகள். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர், பள்ளி ஆண்டு மலர், கோயில் கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் அதில்தான் முரசு என்ற தமிழ் மென்பொருளைப் போட்டுத் தட்டச்சு செய்வார். அதை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

ஆன் செய்தால் மெமரியை எண்ணுகிறது, அப்புறம் ஹார்ட் டிஸ்க் சரியில்லை என்று ஏதோ சொல்லி எஃப்1 அழுத்தச் சொல்கிறது. சரி, டிஸ்கெட்டிலிருந்து டாஸ் இயங்குதளத்தை ஏற்றிப் பார்ப்போம் என்று யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கினேன், இலவச டாஸான ஃப்ரீடாஸ் 1.3-இன் இமேஜ் கோப்பை இறக்கினேன். அதை டிஸ்கெட்டில் காப்பி செய்யப் போனால் இடம் போதாது என்கிறது விண்டோஸ். 1.44 எம்பி டிஸ்கெட்டில் 1.44 எம்பி கோப்பு ஏன் நுழையாது? மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் 7-ஜிப்பில் இமேஜைத் திறந்து உள்ளே இருந்த கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டேன். அவை நுழைந்தன. ஆனால் 386-இல் போட்டால் "நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எர்ரர்" என்று ஒரே வரி, அவ்வளவுதான்.

டின்னில் இருந்த, அப்பா கையெழுத்தில் "காலி" என்று எழுதியிருந்த டிஸ்கெட்டைத்தான் பயன்படுத்தினேன். எங்கே தப்பு?

பழையபெட்டி (பெட்டாலிங் ஜெயா):

டிரைவும் டிஸ்கெட்டும் நல்லாத்தான் இருக்கின்றன, நீங்கள் செய்த முறைதான் தப்பு. இதில் எல்லோரும் ஒரு தடவை விழுந்து எழுந்தவர்கள்தான்.

இமேஜ் கோப்பு என்பது டிஸ்கெட்டில் வைக்கிற கோப்பு இல்லை, அதுவே முழு டிஸ்கெட். 80 டிராக் (வட்டப் பாதை), இரண்டு பக்கம், டிராக்குக்கு 18 செக்டர் (அதன் துண்டு), செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். உங்கள் இமேஜின் அளவும் சரியாக இதுதான் இருக்கும், ரைட் கிளிக் செய்து பாருங்கள். ஆனால் ஃபார்மட் செய்த டிஸ்கெட்டில் பூட் செக்டருக்கு 1, எந்தக் கோப்பு எங்கே என்று குறித்து வைக்கும் இரண்டு ஃபேட் அட்டவணைக்கு 18, ரூட் டைரக்டரிக்கு 14 என்று 33 செக்டர் முதலிலேயே போய்விடுகிறது. மிச்சம் 14,57,664 பைட்தான் உங்கள் கோப்புகளுக்கு. முழு வீட்டின் அளவுள்ள பொருளை அதே வீட்டின் ஹாலுக்குள் தள்ளப் பார்த்தீர்கள், எப்படி நுழையும்?

இரண்டாவதாக நீங்கள் செய்தது இன்னும் வேடிக்கை. கோப்புகளைப் பிரித்துப் போட்டதில் எல்லாம் வந்தது, பூட் செக்டர் மட்டும் வரவில்லை, ஏனென்றால் அது கோப்பே இல்லை, 7-ஜிப்பின் பட்டியலில் அது தெரியாது. கணினி ஆன் ஆனதும் பூட் செய்ய, பயாஸ் என்ற மதர்போர்டு நிரல் செய்வது ஒரே வேலை: டிஸ்கெட்டின் முதல் 512 பைட்டைப் படித்து அதை ஓட்டிவிடுவது. உங்கள் டிஸ்கெட்டில் இருப்பது அந்தக் காலத்து எம்எஸ்-டாஸ் ஃபார்மட் செய்து வைத்த பூட் செக்டர், அது தேடுவது ஐஓ.சிஸ் என்ற கோப்பை. ஃப்ரீடாஸின் கோப்புக்குப் பெயர் கெர்னல்.சிஸ். அது பக்கத்திலேயே இருந்தாலும் இதற்குத் தெரியாது.

ஆகவே இமேஜை செக்டர் செக்டராக எழுத வேண்டும். விண்டோஸில் வின்இமேஜ் அல்லது ராரைட்வின் போதும், இமேஜைத் தேர்ந்தெடுத்து டிரைவ் ஏ: என்று கொடுத்து எழுதுங்கள். லினக்ஸ் என்றால் டிடி கட்டளை. எழுதி முடித்ததும் திரும்பப் படித்து ஒப்பிடும் வசதி இருந்தால் அதையும் ஓட்டுங்கள், டிஸ்கெட் பழசு.

பாயான்பாரு_வாசி (பினாங்கு):

ஐயோ, ஒரு நிமிடம் நில்லுங்கள். எழுதுவதெல்லாம் அப்புறம். அப்பா "காலி" என்று எழுதினால் அது காலி என்று யார் சொன்னது? என் மாமாவின் டப்பாவில் "காலி" என்று எழுதிய ஒரு டிஸ்கெட்டில் அவருடைய கல்யாணச் செலவுக் கணக்கு முழுக்க இருந்தது. நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் அந்த டின்னில் இருக்கும் எதிலும் எழுதாதீர்கள். ஒவ்வொன்றிலும் மூலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டையைத் திறந்து வையுங்கள். ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது, மூடியிருந்தால் முடியும். நிறைய பேர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

அதற்கு முன்னால் இன்னொன்று. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் டிஸ்கெட்டுக்குப் பூஞ்சை பிடிக்கும். இரும்பு ஷட்டரை விரலால் ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கும் கறுப்பு ஃபிலிமை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், நடுவில் இருக்கும் உலோக வட்டத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே. சாம்பல் தூவினது போல வெள்ளைப் புள்ளி, மங்கலான வளையம் தெரிந்தால் டிரைவில் போடவே கூடாது. டிரைவின் படிக்கும் முனையான ஹெட் அதைச் சுரண்டி எடுத்துத் தன் மேல் அப்பிக்கொள்ளும், அடுத்து போடுகிற நல்ல டிஸ்கெட்டையும் கோடு கிழித்துவிடும். லோரோங் கூலிட் சந்தையில் ஒரு டப்பா டிஸ்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து, பார்க்காமல் வரிசையாகப் போட்டு, அன்றைக்கே ஒரு டிரைவைத் தொலைத்தவன் நான். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் வைத்து ஹெட்டைத் துடைத்து மீட்டேன், பஞ்சு காப்பிப்பொடி நிறத்தில் வந்தது.

சுத்தமாக இருப்பவற்றை இமேஜாகப் படித்து வையுங்கள், எழுதுவதற்கு நேர் எதிர் வேலை, அதே மென்பொருள்களில் வின்இமேஜ் செய்யும். படிக்க முடியாத செக்டர் வந்தால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ நல்லது, மோசமான இடத்தை விட்டுவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றிவிட்டு அப்புறம் திரும்ப வந்து முயற்சி செய்யும்.

டிடி பயன்படுத்தினால் ஜாக்கிரதை. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் லினக்ஸில் சாதாரண யூஎஸ்பி டிஸ்க் மாதிரியே எஸ்டிபி, எஸ்டிசி என்று ஏதோ ஒரு பெயரில் வரும். நான் ஒரு எழுத்து மாற்றிப் போட்டு, மகளின் பள்ளி விழாப் படங்கள் இருந்த வெளி டிஸ்கின் தலையில் 1.44 எம்பி டாஸை எழுதிவிட்டேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. டிரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டி, அளவு 1.4 எம் என்று காட்டும் டிரைவ் எது என்று பார்த்த பிறகுதான் என்டர் தட்டுங்கள்.

செந்தூல்வாசி:

நன்றி அண்ணே இரண்டு பேருக்கும். "காலி" டிஸ்கெட்டை விண்டோஸ் திறந்தபோது ஒன்றும் இல்லைதான், ஆனாலும் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. டின்னில் 14 இருந்தன. 5-இல் பூஞ்சை, ஒதுக்கிவிட்டேன். 9-ஐ இமேஜாகப் படித்தேன், 2-இல் மட்டும் சில செக்டர் போய்விட்டது. மலர்93 என்று ஒரு டைரக்டரி இருக்கிறது!!

எழுதுவதற்குப் பக்கத்து வீட்டு அங்கிள் நாலு டிஸ்கெட் கொடுத்தார். இரண்டில் டிராக் 0-விலேயே பிழை. ஒன்றில் எழுத ஆரம்பித்து பாதியில் நின்றுவிட்டது. நாலாவதை எடுத்துப் பார்த்தால் அதில் ஒரே ஓட்டைதான் இருக்கிறது, மற்றவற்றில் இரண்டு ஓட்டை. யூஎஸ்பி டிரைவ் அதில் 1.44 எழுத மறுக்கிறது. புது டிஸ்கெட் கடையில் கிடைக்குமா? லோ யாட் கணினிக் கடை வளாகத்தில் கேட்டேன், கடைப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

கம்பிக்காரன் (பட்டர்வொர்த்):

தம்பி, அந்தப் பையன் பிறக்கும் முன்னாலேயே டிஸ்கெட் ஓய்வு பெற்றுவிட்டது. சோனியே 2011-இல் விற்பனையை நிறுத்திவிட்டது. இப்போது புதுசு என்று விற்பதெல்லாம் பெட்டி பிரிக்காத பழைய சரக்கு. முப்பது வருடம் பேயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக்ஸில் இருந்தவன் சொல்கிறேன், ஆன்லைனில் வாங்கினால் பத்துக்கு இரண்டு மூன்று கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

ஒரே ஓட்டை உள்ளது டபுள் டென்சிட்டி, 720 கேபி. டிராக்குக்கு 9 செக்டர். இரண்டாவது ஓட்டையைப் பார்த்துத்தான் டிரைவ் ஹை டென்சிட்டி என்று கண்டுபிடிக்கிறது. அதில் 1.44 எழுத முயலாதீர்கள், காந்தப் பூச்சே வேறு. ஆனால் வீணும் இல்லை: ஃப்ரீடாஸ் ஃபிளாப்பி பதிப்பில் 720 கேபி இமேஜும் உண்டு, அதை எழுதுங்கள், 386-இன் 1.44 டிரைவ் அதைத் தாராளமாகப் படிக்கும். சிலர் 1.44 டிஸ்கெட்டின் ஓட்டையில் டேப் ஒட்டி 720 ஆக்குவார்கள். 3.5 அங்குலத்தில் பெரும்பாலும் ஓடும், ரொம்ப நாள் தாங்கும் என்று நம்பாதீர்கள். 5.25 அங்குலத்தில் அந்த வேலையே ஆகாது.

இதெல்லாம் இருக்கட்டும். எஃப்1 அழுத்தச் சொல்கிறது என்றீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான். மூடியைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். கீபோர்ட் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் விரல் கணு அளவு உருளை பேட்டரி இருக்கும், நிக்கல் காட்மியம். இந்த வயதில் அது கசியாமல் இருந்தால் அதிசயம். பச்சையாகப் பூத்திருந்தால் உடனே வெட்டி எடுத்துவிட்டு, வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலில் கழுவிக் காய வையுங்கள். விட்டால் செம்புக் கோட்டையே தின்றுவிடும். பேட்டரி செத்தால் சீமாஸ் (கணினியின் அமைப்புகளைச் சேமிக்கும் சின்ன நினைவகம்) அமைப்பு மறந்துபோகும், ஃபிளாப்பி எந்த வகை, ஹார்ட் டிஸ்க் எந்த வகை எதுவும் கணினிக்குத் தெரியாது. ஹார்ட் டிஸ்க் நல்லாவே இருக்கலாம்.

பழையபெட்டி:

அண்ணன் சொன்னது சரி, ஆனால் டிஸ்கெட்டோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? ஃபிளாப்பி டிரைவ் போல நடிக்கும் கோடெக் என்ற பெட்டி ஒன்று வாங்கி ஃபிளாஷ்ஃபிளாப்பி ஃபர்ம்வேர் ஏற்றினால் இமேஜ்களைப் பென்டிரைவில் போட்டுச் செருகிவிடலாம். 386-க்கு அது உண்மையான ஃபிளாப்பி டிரைவ் என்றே தோன்றும்.

கம்பிக்காரன்:

பென்டிரைவ் செருகத்தான் ஆசை என்றால் 386 எதற்கு. பரவாயில்லை, அவசரத்துக்கு நல்ல பொருள்தான், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: ஃபிளாப்பி கேபிளின் நடுவில் சில கம்பிகள் முறுக்கியிருக்கும், முறுக்குக்குப் பிறகு வரும் முனையில் இருப்பதுதான் ஏ:. அங்கே செருகாவிட்டால் பூட் ஆகாது. ஆன் செய்ததும் டிரைவ் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்கள்.

செந்தூல்வாசி:

பூட் ஆகிவிட்டது!! 720 கேபி இமேஜில். அந்தக் கரகர சத்தத்தைக் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பேட்டரி பச்சைதான் அண்ணே, நல்ல வேளை கோடுகள் தப்பித்தன, வெட்டி எடுத்துத் துடைத்துவிட்டேன். சீமாஸில் ஃபிளாப்பி ஏ: 1.2 எம்பி என்று இருந்தது, 1.44 என்று மாற்றினேன். ஃப்ரீடாஸ் வந்ததும் இன்ஸ்டால் செய்யவா என்று கேட்டது, பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லி பிராம்ப்டுக்கு வந்தேன். சி: என்று தட்டினால் அப்படி ஒரு டிரைவே இல்லை என்கிறது.

கம்பிக்காரன்:

இன்ஸ்டாலை மறுத்தது நல்ல காரியம். சீமாஸில் ஹார்ட் டிஸ்க் வகை காலியாக இருக்கும். டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளைப் பாருங்கள், சிலிண்டர், ஹெட், செக்டர் என்று மூன்று எண் இருக்கும். நாமே எண்களைக் கொடுக்கும் வகை 47 என்று தேர்ந்தெடுத்து அந்த மூன்றையும் கொடுங்கள், சேமித்து ரீபூட் செய்யுங்கள். பேட்டரி இல்லாததால் அணைத்தால் மறந்துவிடும், வேலை முடியும் வரை அணைக்காதீர்கள். லேபிளைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

செந்தூல்வாசி:

லேபிள் தேவைப்படவில்லை அண்ணே. மூடியின் உள்பக்கம் அப்பா பென்சிலில் மூன்று எண்ணையும் எழுதி வைத்திருக்கிறார், பக்கத்தில் "47" என்றும். கொடுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.